ஏழாவது நகல்

ஹஃபர் அல்-பாத்தினில் அந்தக் குளிர்காலம்
பெண்கள் பள்ளிக்கூடம் ஒன்றை ராணுவம் எடுத்துக்கொண்டது.
கரும்பலகையில் பாதி அழிந்த வாய்ப்பாடு.
அதன் கீழே ஒரு நகல் இயந்திரம்.
பக்கத்தில் நான்,
மூன்று நாள் வேலை என்று தம்மாம் கம்பெனி அனுப்பி
ஐம்பதாவது நாளிலும் அங்கேயே இருந்த மெக்கானிக்.

எகிப்திலிருந்து வந்த கர்னல் ஷவ்கி ரம்ஸி
என்னை 'மக்கினா' என்பார்.
இயந்திரத்தையும் அப்படித்தான்.
யாரை அழைக்கிறார் என்பது
கண்ணைப் பார்த்தால்தான் தெரியும்.

உளவுத்துறை என்றார்கள். நான் வேறு என்னவோ நினைத்திருந்தேன்.
இவர் நாள் முழுக்கச் செய்தது
ஒரு மேட்டுக்குப் பெயர் தேடியது.
அமெரிக்கர் வரைபடத்தில் அது ஓர் எண்.
பிரெஞ்சுக்காரருக்கு யாரோ ஒரு பெண்ணின் பெயர்.
சவூதிக்காரர் அதை மேடென்றே ஒப்பவில்லை,
மழைத்தண்ணீர் நிற்கும் பள்ளம் என்றார்.
மூவரும் சொல்வது ஒரே இடம்தான் என்று
இரவு பன்னிரண்டுக்குக் கண்டுபிடித்து,
யாரையும் தோற்கடிக்காத குரலில்
மூன்று தொலைபேசியிலும் சொல்வார்.

ஒருவர் சொன்னதை மற்றவர் முன்னால்
தெரியாதவர்போல் இருப்பதும் அவர் வேலைதான்.
இரண்டு சம்பந்தி வீட்டுக்கும் நடக்கிற தரகர் மாதிரி.
இந்த வீட்டு நகைக்கணக்கு
அந்த வீட்டில் வாய்தவறக் கூடாது.

ஒவ்வொரு தாளின் தலையிலும் சிவப்பு முத்திரை,
யார் யார் பார்க்கலாம் என்று.
ஆறு நகல். ஆறு நாடு. ஆறு கையெழுத்து.
மூலத்தை அவரே பூட்டுவார்.

பிப்ரவரியில் ஓர் இரவு, மணலோடு மழை.
உள்ளே வந்து கதவைத் தாழிட்டார். கையில் ஒரே தாள்.
விடிவதற்குள் எங்கெங்கே குண்டு விழும் என்ற தாள்.
முத்திரையின் மேல் தன் கைக்குட்டையை மடித்து வைத்து
மூடியை இறக்கச் சொன்னார்.
"இன்னொன்று."

பட்டியலில் சேராத நாடு ஒன்று இருந்தது.
கடைசியாக வந்தது, கூடாரம்கூட இரவல்.
அவர்களில் முப்பத்தொரு பேர்
தண்ணீர் வண்டியோடு
அந்தப் பல பெயர் மேட்டுக்குப் பின்னால்.
அனுமதி கேட்டிருந்தார். பதில் காலையில் வருமாம்.
விமானம் நாலு மணிக்கு.

அந்த நேரம் பார்த்துத் தாள் சிக்கியது.

பக்கக் கதவைத் திறந்தேன். உருளை கொதித்தது.
அவர் டார்ச் பிடித்தார்.
தனக்குத் தெரிந்த ஒரே இந்திச் சொல்லில்
'ஆஹிஸ்தா' என்றார், இரண்டு முறை.
விரல் சுட, கருமை அப்பிக்கொள்ள,
கசங்கிய பூமியை வெளியே இழுத்தேன்.
அதை அவர் தேநீர்க் கோப்பையில் போட்டுக் கொளுத்தினார்.

அடுத்தது சுத்தமாக வந்தது.
முத்திரை இருந்த இடத்தில் வெள்ளை,
வெள்ளையைச் சுற்றி
கைக்குட்டையின் தையல் ஓரம் நிழலாக.

மறுநாள் ரொட்டி வரிசையில் அவர்களை எண்ணினேன்.
முப்பது.
ஒருவன் தூங்கிக்கொண்டிருந்திருக்கலாம்.

பத்தொன்பது வருஷம் கழித்து,
தம்மாமில் என் கடைக்கு ஒரு பொறியாளர் வந்தான்.
அப்பா காலமாகிவிட்டார், ஓய்வூதியக் காகிதம் என்றான்.
பதக்கச் சான்றிதழ். தங்க விளிம்பு.
பெயரைக் கண்ணாடியில் கவிழ்க்கும்போதுதான் படித்தேன்.
'ஆறு நேச நாடுகளுக்கிடையே
விதிமுறை வழுவாத தொடர்புப் பணிக்காக.'

வழுவாத.

சொல்லியிருக்கலாம்.
அந்தத் தாள் வழியில் வேறு கைக்குப் போயிருந்தால்
இதே அப்பாவுக்கு வேறு காகிதம் வந்திருக்கும்,
தங்க விளிம்பு இல்லாமல்.
எது சரி என்று எனக்கு இன்றும் தெரியாது.
டோனர் சுட்ட தழும்பு மட்டும்
ஆள்காட்டி விரலில், பருப்பளவு.

"எத்தனை?" என்றேன்.
"இரண்டு போதும்."
காசு வேண்டாம் என்றேன்.
அவன் கேட்கவில்லை.
ஒரு ரியாலை மேசையில் வைத்துவிட்டுப் போனான்.